இருவருக்கும் வக்கீல்

வக்கீல் சார்,

சாரல் தூறிக்கொண்டிருக்கிறது. வாசலில் இஸ்திரி போடுகிறவன் ஈரக் கரியைப் பற்றவைக்கப் பார்க்கிறான்; புகை மாடி வரை வந்துவிட்டது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது நம் பஸ்களின் பின்னால் கரி உலை வைத்து ஓட்டினோமே, அதே வாடை. இன்று காலை என் மூத்த மகன் வந்து போனபோதும் இந்தப் புகைதான் சூழ்ந்திருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதை மறந்து இதை எழுதவில்லை. வேறு யாருக்கு எழுதினாலும் புரியாது.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கும் சுற்று ஊர்களுக்கும் ஓடிய அந்தப் பஸ்கள் என் கணவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் பொது. கூட்டுப் பத்திரம் எழுதியது நீங்கள். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி வைத்தால் உங்களுக்கும் ஓர் இலை விழும். என்னை மதினி என்றுதான் கூப்பிடுவீர்கள்.

என் கணவர் இறந்து காரியங்கள் முடிந்த கையோடு கூட்டாளி வந்தார்.

"மதினி, வண்டிய எல்லாம் நான் பாத்துக்கிடுதேன். பொம்பள நீங்க கரியிலயும் புகையிலயும் கிடந்து எதுக்குச் சீரழியணும்? வீட்டுக்கு அரிசி, பருப்பு மாசாமாசம் வந்துரும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

நான் கான்வென்டில் படித்தவள் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். இங்கிலீஷில் இருந்த அந்தத் தாளை முழுவதும் படித்தேன். வண்டிகளில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நானே ஒப்புக்கொள்வதாக எழுதியிருந்தது.

"அரிசி பருப்பு எந்த வரியில இருக்கு அண்ணாச்சி?"

"அதெல்லாமா எழுதுவாங்க? நமக்குள்ள என்ன இருக்கு?" என்று சிரித்தார். "சீசன் கூட்டம் ஏறுமுன்ன முடிச்சிருவோம். வக்கீல்கிட்டயும் பேசியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அறுத்தது. அந்தத் தாளை எழுதியது நீங்களா?

மறுநாள் விடியும்போதே டிரைவரை அழைத்து, ஒரு பஸ்ஸைக் குற்றாலம் பாதையில் இருந்த எங்கள் தென்னந்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தி, ஓலை போட்டு மூடச் சொன்னேன்.

"முதலாளி கேட்டா என்னம்மா சொல்ல?"

"எந்த முதலாளி?"

அவன் சிரித்தான். "அப்பம் சரி. வண்டிக்குக் காய்ச்சல்."

வீட்டிலிருந்து நேராக மாட்டுவண்டியில் குற்றாலம் வந்தேன். சீசனுக்கு நீங்கள் எடுத்திருந்த வாடகை வீடு. அருவியில் குளித்து, தோளில் ஈரத்துண்டோடு அப்போதுதான் வந்தீர்கள். நான் படியில் நின்றபடியே தொடங்கினேன்: "வக்கீல் சார், அந்த வண்டிய..."

கையை உயர்த்தினீர்கள்.

"சொல்லாதீங்கம்மா."

மதினி இல்லை, அம்மா. எனக்கு முகம் சுட்டது.

"அந்தப் பத்திரம் நீங்க எழுதினதா? அதையாவது சொல்லுங்க."

"அவரு எங்கிட்ட பேசினத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுறதயும் கேக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்து வக்கீலா இருந்தவன் நான். ஒருத்தர் போனதும் அந்தக் கூட்டு முடிஞ்சுபோச்சு. இனி அவரு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். உங்களுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வைங்க. அவரு பாக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. இதையேதான் கூட்டாளிகிட்டயும் சொல்லியிருக்கேன்."

"எங்க வீட்டுச் சொதி மட்டும் எந்தப் பக்கம்னு பாக்காம இறங்கிச்சோ?"

உங்கள் மனைவி கொண்டுவந்து வைத்த காபியைத் தொடாமல் வண்டி ஏறினேன்.

திருநெல்வேலியில் நான் பிடித்த வக்கீல் கிழவர், கறாரானவர். முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "தோப்பு விஷயத்த அந்த வக்கீல்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்ல விடல."

"பிழைச்சீங்க. கூட்டாளியும் அவரு கட்சிக்காரர்தானே. தெரிஞ்சும் மறைச்சா அந்த ஆளுக்குத் துரோகம். சொல்லியிருந்தா சாயங்காலமே திருட்டு வண்டின்னு போலீஸ் தோப்புக்கு வந்திருக்கும். முதல்ல அத வெளிய எடுத்து ஓட விடுங்க. பொறவு பங்கு கேப்போம்."

எடுத்தேன். எனக்கென்று ஒரு வக்கீல் எதிரில் உட்கார்ந்ததும் கூட்டாளியின் சிரிப்பு நின்றது. வழக்கு கோர்ட் ஏறுமுன்பே குற்றாலம் தடமும் அதில் ஓடிய வண்டியும் எனக்கென்று பிரிந்தன. ஒளித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. என் வண்டியைத்தான் ஒளித்தேன்.

நீங்கள்தான் இரண்டு பக்கத்தையும் இழந்தீர்கள். கூட்டாளி உங்கள் படி ஏறவில்லை, நானும் ஏறவில்லை. "வந்த கட்சிக்காரங்கள ரெண்டு கையாலயும் தள்ளிவிட்டுட்டு உக்காந்திருக்காரு" என்று உங்கள் மனைவி கோயிலில் என் காதுபடச் சொன்னார். ஆனாலும் என் பஸ்ஸில்தான் வருவீர்கள். கண்டக்டர் காசு வாங்கத் தயங்கினால், "டிக்கெட்டக் கிழிலே, இல்ல இறங்கிருவேன்" என்பீர்கள். தோப்பைத் தாண்டும்போதெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வருவீர்களாம். வண்டி எங்கே இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பஸ் தொழில் இன்று என் மகன்கள் இருவருக்கும் கூட்டு. காலையில் மூத்தவன் வந்து உட்காருமுன்பே, "எம்மா, தம்பி என்ன செஞ்சிருக்கான் தெரியுமா?" என்று தொடங்கினான்.

என் கை தானாக உயர்ந்தது.

"எங்கிட்ட சொல்லாதலே. நான் உங்க ரெண்டு பேருக்கும் அம்மை."

"பெத்தவகிட்ட சொல்லாம பொறவு யாருகிட்ட சொல்ல?"

"உனக்குன்னு ஒரு வக்கீல் வை. தம்பிகிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டான். சாயங்காலம் இளையவன் வருவான். அவனுக்கும் இந்தக் கை உயர வேண்டும். அவன் கடைக்குட்டி, எனக்குப் பயமாக இருக்கிறது.

மூத்தவனுக்கு வைத்த காபி மேஜையில் ஆடை படிந்து கிடக்கிறது. அன்று நான் தொடாமல் வந்த காபியை உங்கள் வீட்டில் யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று இத்தனை காலம் நான் யோசித்ததே இல்லை.