பெல்ட்டும் ஞாயிறு ஏழு மணியும்

ஜூன் 8, ஞாயிறு

மூன்று நாளாய் அடித்த மழை ஒருவழியாக விட்டது. காலையில், தூரத்து ஊர்க்காரர்களோடு பேசும் என் ஹாம் ரேடியோவைப் போட்டதும் முதலில் அதன் மீட்டரைத்தான் பார்த்தேன். மைக்கை அமுக்கும்போது, ஆன்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும் சக்தி எவ்வளவு என்று அதன் முள் காட்டும். முள் படுத்துக் கிடந்தால் எல்லாம் நலம். இத்தனை மழைக்குப் பிறகும் முன்பைவிட நன்றாகவே படுத்துக் கிடந்தது. போன மாதம் எங்கள் வீட்டு ஆன்டெனா டவர் உச்சியில் தொங்கிக்கொண்டு கேபிள் இணைப்புக்கு டேப் சுற்றியது நான்தானே! பெருமையில் ஒரு பாட்டுகூட முணுமுணுத்தேன்.

ஏழு மணிக்குத் தம்பி ரேடியோவில் வந்தான். குரல் பக்கத்து அறையில் பேசுவது போலக் கணீரென்று இருந்தது. பொதுவாக எல்லோரையும் அழைத்தான். நான் பதில் சொன்னேன். மறுபடி அழைத்தான், மறுபடி சொன்னேன். நான் பேசியது காதிலேயே விழாதவன் மாதிரி மூன்றாவது முறையும் அழைத்துவிட்டு ஓய்ந்துவிட்டான்.

எல்லாம் அந்த பெல்ட்டால் வந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகவில்லை, அதற்குள் டவரில் ஏறுகிறான். அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறும் பெல்ட்டை என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். “நான் என்ன சின்னப் பிள்ளையா? பெல்ட் வந்தாத்தான் உன்கூடப் பேச்சு” என்று போனில் கத்தினான். கத்தட்டும். ஆனால் எங்களுக்குள் ஒரு விதி உண்டு. எவ்வளவு பெரிய சண்டையானாலும் ஞாயிறு ஏழு மணிக்கு ரேடியோவில் பேசிவிட வேண்டும். அப்பா செத்த வாரம்கூட அது தவறவில்லை.

ஜூன் 9

பெல்ட்டைக் கூரியரில் அனுப்பிவிடலாமா? அனுப்பினால் ஏறுவான். அனுப்ப மாட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ‘கொசு’வுடன் பேசிக்கொண்டிருந்தான். ஈனஸ்வரத்தில் வரும் சிக்னல் என்பதால் நாங்கள் எல்லோரும் வைத்த பெயர். இரண்டு பேருக்கும் நடுவில் நான், ரேடியோவில் என் பெயரான அழைப்புக்குறியைச் சொன்னேன். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. தம்பிக்குக் கோபம், சரி. கொசுவுக்கு நான் என்ன செய்தேன்? ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறானா?

இன்னொன்றும் புரியவில்லை. கொசு கெஞ்சினான்: “உன் ஆன்டெனா வேற எங்கயோ பாத்து நிக்குதுப்பா. என் பக்கம் கொஞ்சம் திருப்பேன், ஒண்ணுமே சரியாக் கேக்கல.” அதற்கு இவன், “அது அங்கேயே இருக்கட்டும், நீ சத்தமாப் பேசு” என்கிறான். எந்தப் பக்கம்? அந்தப் பக்கத்தில் யார்? அக்காவை விட்டுவிட்டு அப்படி என்ன புதுச் சிநேகம்?

என் ஆன்டெனா மீது சந்தேகம் வந்தது. மூன்று தெரு தள்ளி இருக்கும் ரிட்டயர்டான ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். “பிரமாதமாக் கேக்குதும்மா!” என்றார். முள்ளும் படுத்தே கிடக்கிறது. ஆக, கோளாறு ஆன்டெனாவில் இல்லை. மனுஷனிடம்தான்.

ஜூன் 18

வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். தம்பி மனைவி எடுத்தாள். “குளிக்கிறாங்க அண்ணி” என்றாள். திருப்பிக் கூப்பிடவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை எவனாவது குளிப்பானா?

இவரிடம் புலம்பினேன். “ஒரு பெல்ட்டுக்கு ரெண்டு கிழங்க அடிச்சுக்கிறீங்களே” என்று சிரிக்கிறார். கட்டினவரும் சரியில்லை, கூடப் பிறந்ததும் சரியில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கொசு கேட்டான்: “என்ன, உங்க அக்காவ மூணு வாரமாக் காணோமே?”

தம்பி இறங்கிய குரலில், “அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்” என்றான்.

அடப்பாவி, நான் இங்கேதானேடா இருக்கேன்! தொண்டை கிழியக் கத்துறேன், கேக்கலையா உனக்கு? இல்ல கேட்டுக்கிட்டே நடிக்கிறியா? நடிக்கிறவன் குரல் ஏன் அப்படி இறங்கிப் போகுது? தலையும் புரியல, வாலும் புரியல.

போதும். எனக்கு ரேடியோவும் வேண்டாம், டவரும் வேண்டாம். கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் 26, வியாழன்

என் பெல்ட்டின் கொக்கி துருப்பிடித்திருந்தது. தம்பியுடையதைத்தான் கட்டிக்கொண்டு ஏறினேன். என் இடுப்புக்கு அது கடைசித் துளைவரை தேவைப்பட்டது. இவர் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “பாத்து, பாத்து” என்று ஜபம் செய்துகொண்டிருந்தார். உச்சியில் ஆன்டெனாவிலிருந்து கேபிளைப் பிரித்துவிட்டேன். பெரிய ஸ்பேனரை மறந்திருந்ததால் இறங்கி உள்ளே போனேன்.

பழக்க தோஷம், ரேடியோ முன்னால் நின்றேன். கடைசியாக ஒரு தடவை என்று மைக்கை அமுக்கினேன்.

முள் படுத்தே கிடந்தது.

கேபிளில் ஆன்டெனாவே இல்லை. கேபிளின் முனை காற்றில் ஆடுகிறது. முள் எகிறிக் குதித்திருக்க வேண்டும். அதுவோ எல்லாம் நலம் என்கிறது! அப்படியென்றால் இத்தனை நாள் நலம் என்று சொன்னது எதை?

கத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கேபிளை அடியில் வெட்டினேன். தண்ணீர் சொட்டியது. உள்ளே செம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. அனுப்பியதை எல்லாம் ஈரக் கேபிள் வழியிலேயே குடித்திருக்கிறது. மேலேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. திரும்பி வராததால் முள்ளுக்குச் சந்தோஷம். மூன்று தெருவுக்கு மட்டும் ஏதோ கசிந்து போயிருக்கிறது.

டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் கூரை ஓடு மாதிரி தண்ணீரை வழிய விடும். மேலே தொங்குகிறவளுக்கு மேலிருந்து கீழாகச் சுற்றுவது வசதி. வசதியாகச் சுற்றிவிட்டேன். ஒவ்வொரு மடிப்பும் மழைக்கு வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறது.

“அப்ப அவனுக்கு நீ பேசுனது கேக்கவே இல்லையா?” என்றார் இவர்.

கேட்கவில்லை. ஆனால் அவன் குரல் மட்டும் இந்தத் தண்ணீரையும் தாண்டி அவ்வளவு கணீரென்று வந்தது எப்படி?

ஜூன் 29, ஞாயிறு

புதுக் கேபிள் இன்னும் வரவில்லை. ஏழு மணி சும்மாவே போனது. போன் செய்து நடந்ததைச் சொல்லலாம். சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. இதுவரை கேட்கவில்லை என்று ஒரு சாக்காவது உண்டு. நன்றாகக் கேட்டும் அவன் பேசாமல் போனால்? பழைய கேபிளே தேவலாம் போலிருக்கிறது.

ஜூலை 5

ஏறினேன். மாட்டினேன். கீழிருந்து மேலாகச் சுற்றினேன்.

ஜூலை 6, ஞாயிறு

மணி ஏழு. முள் கொஞ்சம் எழுந்து நின்றது. அது படுக்காததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது இன்றுதான்.

தம்பியும் கொசுவும் பேசிக்கொண்டிருந்தார்கள். இடைவெளி பார்த்து என் அழைப்புக்குறியைச் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது.

“அக்கா!”

அவ்வளவுதான். கொசுதான் பேசினான்: “அம்மா, எங்க போயிட்டீங்க? அவன் மூஞ்சியக் குடுத்தே பேச மாட்டேங்கிறான்.”

நான் தண்ணீர்க் கதையைச் சொன்னேன். டேப் சுற்றிய அழகையும் சொன்னேன். தம்பி சிரித்த சிரிப்பில் என் ஸ்பீக்கர் கிழிந்திருக்கும். “தலைகீழாச் சுத்துனியா? நீ எனக்குச் சொல்லிக் குடுக்கிறியா?” என்றான். பிறகு, “கொஞ்சம் இரு அக்கா. ஆன்டெனாவக் கொசு பக்கம் திருப்பிடுறேன். பாவம், ஒரு மாசமாக் கெஞ்சுறான்” என்றான்.

திருப்பும் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான். அவன் ஆன்டெனா திரும்பத் திரும்ப அவன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கணீரென்று இருந்தது முணுமுணுப்பாகி, கொசு குரல் மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமும் அது என் வீட்டைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறது.

“திருப்பாதடா” என்றேன். “கொசு இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கட்டும்.”

குரல் மெல்ல மெல்லப் பழையபடி ஏறி வந்தது. பெல்ட்டைப் பற்றி அவன் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன், அதைப் போட்டுக்கொண்டு ஏறியதை.

“பத்துச்சா?” என்றான்.

“கடைசித் துளை.”

“அப்ப நீயே வச்சுக்கோ” என்றான். “என் டவர்ல ரெண்டு போல்ட்டு முடுக்கணும். எப்ப வர்றே?”