சாவி, ஜன்னல், வா

ஏலே தம்பி சாளை, இன்றைக்குக் காலையில் அலமாரிச் சாவியைக் காணவில்லை. சாவி எங்கே, சாவி எங்கே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீடு முழுக்கத் தேடினேன். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் அது நீ போனில் சொன்ன சொல் என்று உறைத்தது. அப்படியே தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எந்தச் சொல் எங்கே காத்திருந்து என்னைப் பிடிக்கும் என்று தெரியவில்லை.

துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் டிரெய்லர் லாரிக்கு அடியிலேயே கிடந்த உன்னை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று நீ வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ராலி என்றாய். "எந்தக் கட்சிலே?" என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வசதியுள்ளவர்கள் சிலர் சேர்ந்து ஜீப்பில் நாடு நாடாகப் போவார்களாம். வழியில் உள்ள பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டும் பையும் கொடுப்பார்களாம். வண்டி நின்றுவிட்டால் பார்க்க ஒரு மெக்கானிக் வேண்டுமாம்.

பைகளை நான்தான் தைத்தேன். காக்கித் துணியில், வாருக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டு. ஒவ்வொன்றையும் நீ தோளில் மாட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாய். அந்தப் பிள்ளைகள் புத்தகம் வைக்கப் போகிறார்களா, ஆனை கட்டப் போகிறார்களா என்று உன்னைத் திட்டினேன்.

போன இடத்திலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாய். தூசி, வெயில், பஞ்சர் என்று இதுதான் பேச்சு. ஒரு நாட்டுக்குள் நுழைந்ததும் உன் குரலே மாறிவிட்டது. "யக்கா, இங்கன உள்ளவனுவ நம்ம பேச்சுல்லா பேசுதானுவ" என்றாய். வகுப்பறையைத் திறக்க அந்த ஊர் வாத்தியார் சாவி, சாவி என்று தேடினாராம். மேசைக்கு மேசை மாதிரியே ஒரு சொல், ஜன்னலுக்கு ஜன்னல் மாதிரியே ஒரு சொல். அந்தக் காலத்தில் நம் கரைக்கு வந்து மாதா கோயில் கட்டி, இந்தச் சொற்களையும் விட்டுப்போன போர்த்துக்கீசியர்கள்தான் அங்கேயும் போயிருக்கிறார்கள் என்று கூட வந்த யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது போதும் உனக்கு. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஆகிவிட்டாய்.

கடைசியாகப் பேசிய அன்று நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"வண்டிய எடுத்தா பிள்ளைக பின்னாலயே ஓடி வருதுக்கா. நவு வா, நவு வான்னு கத்துது. நவு என்னன்னு தெரியல, வா தெரியுதுல்லா. கூப்பிடுத பிள்ளைகள எப்படிக்கா விட்டுட்டு வர?"

"ஏலே, வான்னு கூப்பிட்டா போ. பிள்ளைகள ஏமாத்தப்படாது" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கையில் செதிலாக இருந்ததால் போனை உடனே வைத்தும் விட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் தகவல் வந்தது.

உன் துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தவர் உன்னோடு வந்த இன்னொரு ஜீப்பின் டிரைவர். மெட்ராஸ்காரர். நல்ல மாதிரி. நல்ல மழையாம். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியதாம். மற்ற வண்டிகள் இக்கரையிலேயே நின்றுவிட்டன. அக்கரையில் பைகளுக்காகக் காத்து நின்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன்னைப் பார்த்ததும் கத்தியிருக்கிறார்கள். நீ கையை ஆட்டினாயாம். சிரித்தாயாம். வண்டியை இறக்கிவிட்டாயாம்.

"அதுங்க போகாதேன்னுதான் கத்திச்சுக்கா. அந்த பாஷைல வான்னா போன்னு அர்த்தமாம். நவு வான்னா போகாதே. எங்களுக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது."

அவருக்கு நீட்டின காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். போனில் நான் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அது தெரிந்த இன்னொரு ஆள் நீதான்.

முத்துக் குளித்த வம்சத்துப் பிள்ளையை ஒரு ஆறு கொண்டுபோய்விட்டதே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? உன்னைக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. மூடின பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன் பையில் ஒரு போட்டோ இருந்தது. முந்தின பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நான் தைத்த பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாருக்கும் சிரிப்பு. ஒரு வார்கூட அறுந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் வாங்க என்று சொல்ல வரமாட்டேன் என்கிறது. இருங்க என்கிறேன். பக்கத்து வீட்டுச் சின்னது வாசலில் நின்று "அத்தை, வா" என்று கூப்பிட்டால் கால் எழும்ப மாட்டேன் என்கிறது. மரியாதை தெரியாதவள் ஆகிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

சாவி மிஷின் டிராயரிலேயே கிடந்தது. அலமாரியைத் திறந்து உன் சட்டைகளை வெயிலில் போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுலே. தண்ணீரில் வண்டியை இறக்கினாயே, அந்த நேரம் உன் காதில் விழுந்தது அந்தப் பிள்ளைகள் சொன்ன 'வா'தானா, இல்லை, நான் சொன்ன 'போ'வா?