எட்டரை மணிக் கட்டம்

மார்ச் 4, திங்கள்

எங்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் புது டாக்டர் இன்று வேலைக்குச் சேர்ந்தார். பெண். என்னைவிட ஆறேழு வயது இளையவராக இருக்கலாம். வந்ததும் வராததுமாக என் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் முதல் கட்டத்தில், எட்டரை மணியில், பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். "இந்த நேரத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க அக்கா. நான் சொல்ற பிள்ளைங்களுக்கு மட்டும்."

யார் அந்தப் பிள்ளைகள்? அவருடைய சொந்தக்காரர்களா? பதினோரு வருடமாக இந்த வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய டாக்டர் ஒரு நாள்கூட என் புத்தகத்தில் கை வைத்ததில்லை.

அக்காவாம். பார்ப்போம்.

மார்ச் 5, செவ்வாய்

பெரிய டாக்டரின் காதில் போட்டுவைத்தேன். "விடும்மா, நல்லாப் படிச்சவங்க, ஏதோ செய்யட்டும்" என்றார். எழுபதை நெருங்குகிறார், யாரையும் நம்பிவிடுவார். நான் அப்படி இல்லை.

மார்ச் 7, வியாழன்

அந்தக் கட்டத்தின் முதல் ஆள் இன்று வந்தான். ஐந்து வயதுப் பையன். வந்தான் என்று எப்படிச் சொல்வது, காரை விட்டு இறங்கவே மாட்டேன் என்று வாசலில் நின்று ஒரே அலறல். அம்மா கெஞ்சுகிறார், அப்பா காலைப் பிடித்து இழுக்கிறார். புது டாக்டர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போனார். காரின் திறந்த கதவுக்கு வெளியே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஸ்டெதஸ்கோப்பைப் பையன் கையில் கொடுத்தார். அவன் அதை முன் சீட்டில் வைத்துப் பார்த்தான், டாக்டர் தலையில் வைத்தான், கடைசியில் தன் நெஞ்சிலும் வைத்தான். முப்பத்தைந்து நிமிடம். பரிசோதனை முழுக்கக் காரிலேயே முடிந்தது.

இங்கே ஒன்பது மணிக்காரர்கள் நாற்காலிகளில் நிறைந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள். உள்ளே டிவியையும் அணைக்கச் சொல்லியிருந்தார், பாதி விளக்கையும் அணைக்கச் சொல்லியிருந்தார். இருட்டுக்குள் உட்கார்ந்து நான் முறைப்பு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் மகள் சிட்டுவுக்கு நேற்றோடு மூன்று வயது எட்டு மாதம். மத்தியானம் இரண்டு மணிக்கு நர்சரி வேன் அவளை இங்கேதான் இறக்கிவிடும். என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, நர்ஸ் அக்கா கழுவிக் கொடுக்கும் தடுப்பூசிக் குப்பி மூடிகளை வரிசையாக அடுக்குவாள். நீலம், நீலம், நீலம், பிறகு சிவப்பு. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இன்று புது டாக்டர் குனிந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு நீல மூடியை எடுத்து வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார். சிட்டு அதை எடுத்து வரிசையில் சேர்த்தாள், நிமிரவில்லை. அவர் இன்னொன்று வைத்தார்.

என் பிள்ளையை எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? வேலை செய்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிவருகிறேன் என்று போட்டுக்கொடுக்கத்தானே.

மார்ச் 11, திங்கள்

புதிதாக ஒரு வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார். எட்டரை மணிப் பிள்ளைகளின் வீட்டுக்கு முந்தின நாளே நான் போன் செய்து, அவர் கொடுத்த தாளில் உள்ள கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தச் சத்தம் ஆகாது? எங்கே தொட்டால் பிடிக்காது? கையில் என்ன இருந்தால் அமைதியாக இருப்பான்? வலித்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? கடைசிக் கேள்வி: நேற்று நீங்கள் தூங்கினீர்களா?

"இதெல்லாம் ஆஸ்பத்திரியில கேக்குற கேள்வியா டாக்டர்?" என்றேன். "இதைக் கேக்காம ஊசியை எடுத்துட்டு நின்னா நமக்கும் கஷ்டம், பிள்ளைக்கும் கஷ்டம் அக்கா" என்றார்.

சாயங்காலம் ஒரு அம்மாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னவர், தூக்கத்தைப் பற்றிக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். அழுதுகொண்டிருந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.

ஆராய்ச்சிக்காகத்தான் இருக்கும். பதில்களையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போட்டு இவர் பெயர் வாங்குவார். போன் பிடிப்பது நான்.

கேள்விகளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபோது வேண்டாத ஒரு நினைப்பு வந்தது. அதை எழுதப் போவதில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சிட்டுவுக்கு ஆகாதது கழிவறையில் கை காய வைக்கும் மெஷின் சத்தம். அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைக்கும் அது பயம்தான்.

மார்ச் 14, வியாழன்

ஃபைல் அலமாரியில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது ஃபைல்களைக் காணோம். மதிய இடைவேளையில் புது டாக்டர் ஒன்றை இடுக்கிக்கொண்டு அறைக்குள் போனதை என் கண்ணால் பார்த்தேன். எல்லாம் பெரிய டாக்டர் பார்த்த பிள்ளைகள். எல்லாருக்கும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள். எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது விளங்குகிறது. பெரியவர் எங்கே தவறினார் என்று தோண்டி எடுத்து, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியைத் தன் கைக்குள் போட்டுக்கொள்வதுதான் திட்டம். நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். "உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்டி" என்று சிரித்தார். சிரிக்கட்டும். நாளைக்கு இவர் அவரையும் மாற்றும்போது தெரியும்.

மார்ச் 18, திங்கள்

நான் பயந்தது நடந்தது. அந்த ஒன்பது ஃபைல்களில் இருந்த ஒரு பையனின் அப்பா வந்து, நடுக்கூடத்தில் பெரிய டாக்டரை நிறுத்திக் கேட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி நாங்க வந்து கேட்டோமே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க? பொறுங்க, தானா பேசுவான்னீங்க. இப்ப இவங்க போன் பண்ணிக் கூப்பிடுறாங்க." பெரிய டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றார்.

புது டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை, நான் என்ன செய்வது, காதில் விழுந்தது. ஆட்டிசம் என்று பெயரைச் சொல்லியே சொன்னார். இப்படியா பட்டென்று போட்டு உடைப்பது? பிறகு, "இது நீங்க வளர்த்த விதத்தால வந்தது இல்ல. அவன் அதே பிள்ளைதான், நேத்து இருந்த அதே பிள்ளை. அவனுக்கு என்ன உதவி வேணும்னு இப்ப நமக்குத் தெரியும், அவ்வளவுதான்" என்றார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவருக்கு அங்கிருந்தே போன் போட்டு, நாளும் நேரமும் வாங்கி எழுதிக் கொடுத்தார். பள்ளிக்கு ஒரு கடிதம். மறுபடி எப்போது வர வேண்டும் என்று ஒரு தேதி.

புயலாக வந்த மனிதர் போகும்போது என் மேஜை முன்னால் நின்று, "நன்றிங்க" என்றார்.

எனக்கு எதற்கு நன்றி? நான் என்ன செய்தேன்?

மார்ச் 20, புதன்

இன்று பத்தாவது இடைவெளி. எண்ணைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. சிட்டுவின் ஃபைல்.

மதியம் அவர் சாப்பிடப் போன நேரம் அறைக்குள் போனேன். போனேன்தான். மேஜை மேல் திறந்து கிடந்தது. மேலே, ஒன்றரை வயதில் பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றி நிரப்பும் கேள்வித்தாள். பெற்றோர் நிரப்ப வேண்டியது. பதினோரு வருடமாக எத்தனை அம்மாக்களுக்கு நான் வாசித்துக் காட்டி நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அதே தாள். இருபது கேள்வி. இருபதுக்கும் 'ஆம்'. என் பேனா. டிக் எல்லாம் மேலிருந்து கீழே ஒரே கோடாக இறங்குகிறது, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி.

அன்று கூட்டம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு நிமிடத்தில் போட்டேன். கேள்வியெல்லாம் எனக்கு மனப்பாடம், படிக்கவே வேண்டியதில்லை.

இல்ல. அது இல்ல. மனப்பாடமா தெரிஞ்சதாலதான் போட்டேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தா டாக்டர் முகம் மாறும்னு எனக்குத் தெரியும். விரலை நீட்டிக் காட்டுதா, ஆம். கூப்பிட்டா திரும்புதா, ஆம். திரும்பல. அன்னைக்கும் திரும்பல. நான் யாரை ஏமாத்தினேன்?

பெரிய டாக்டர் தாளைப் பார்த்து, எல்லாம் சரியா இருக்கும்மா என்றார். ஆறு மாதம் கழித்து இன்னும் பேசவில்லை என்று நான் லேசாக ஆரம்பித்தபோது, சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும், பொறு என்றார். அந்த ஒரு 'பொறு'வைத்தான் இத்தனை நாளாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், எதற்கும் பதறமாட்டார். பதறவில்லை. எனக்குச் சந்தேகமாக இருந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"நான் கூப்பிட்டு அவ திரும்பினதே இல்லையேம்மா."

"அப்ப ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

ஊரையெல்லாம் வேவு பார்க்கிறவள் நான். ஒரே வீட்டில் இவர் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார், படுத்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 22, வெள்ளி

அடக்க முடியவில்லை. கடைசி நோயாளி போனதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். "என் பிள்ளை ஃபைலை யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

சண்டைக்கு நான் தயாராகப் போயிருந்தேன். அவர் எழுந்து நின்றார். "உங்களைக் கேட்டுத்தான் எடுத்திருக்கணும். தப்பு என்னோடதுதான் அக்கா. கூடவே வேலை செய்றவங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ரெண்டு வாரமா சுத்திக்கிட்டிருந்தேன். வேற யாரா இருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பேன்."

"அவகிட்ட என்ன பாத்தீங்க?"

"நான் பாத்தது கொஞ்சம்தான். நீங்க பாத்தது நிறைய இருக்கும். இந்த ஆஸ்பத்திரியில உங்க கண்ணுக்கு எதுவும் தப்புறதில்லையே."

ஐஸ் வைக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. பழைய தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே கேள்வித்தாளில் நிரப்பாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "அவசரமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா உக்காந்து நிதானமா எழுதுங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட வச்சிக்கிட்டு எழுதுங்க."

வாசல் வரைக்கும் நன்றாகத்தான் நடந்தேன்.

மார்ச் 24, ஞாயிறு

ஒரு நிமிடத்தில் நிரப்பிய தாள் இன்று மத்தியானம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. இருபது கேள்விக்கு இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினோம். பழைய நாட்குறிப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுதப் போவதில்லை என்று சொல்லிச் சொல்லியே எவ்வளவு எழுதி வைத்திருக்கிறேன்.

விரலை நீட்டிக் காட்டுகிறாளா? இல்லை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? இல்லை. மூடி டப்பாவைக் குலுக்கினால் எந்த அறையிலிருந்தும் ஓடி வருவாள்.

பின்பக்கத்தில், போனில் கேட்கும் அந்தக் கேள்வி: வலித்தால் எப்படித் தெரியும்? இதற்கு நான் பேனாவை வைத்துவிட்டேன். இவர்தான் சொன்னார், வலித்தால் மூடிகளை அடுக்க மாட்டாள், கையில் ஒன்றை மட்டும் இறுக்கி வைத்துக்கொண்டிருப்பாள் என்று. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

பெரிய டாக்டர் என் மேஜைக்கு வந்து, எதிரே நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அங்கே அவர் உட்கார்ந்ததில்லை.

"அந்த ஃபைல்களை எடுக்கச் சொன்னதே நான்தாம்மா. பொறுங்கன்னு நான் சொன்ன பிள்ளைங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுங்கன்னு அவங்ககிட்ட முதல் நாளே கேட்டுக்கிட்டேன்."

நான் போட்டு வைத்திருந்த சந்தேகக் கணக்கெல்லாம் ஒரே நொடியில் சரிந்தது. "என் மகளோடதுமா?"

"அதுவும்தான். அன்னைக்கு நான் உன் தாளைத்தான் பாத்தேன். பிள்ளை உன் இடுப்புலதான் இருந்தா. ஒரு தடவை அவளைக் கூப்பிட்டுப் பாத்திருந்தா போதும்."

"நான் பொய்யா எழுதினேன் டாக்டர்."

"நீ அம்மா. பயந்து எழுதின. கண்டுபிடிக்க வேண்டியது நான்."

பெரிய டாக்டர் மேல் பழி போடவும் முடியவில்லை, போடாமலிருக்கவும் முடியவில்லை. டீ வாங்கித் தரட்டுமா என்றேன். சரி என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

புதன்கிழமைக் கட்டத்தில் பென்சில் கோட்டின் மேல் சிட்டுவின் பெயரைப் பேனாவால் எழுதினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு மேஜையில் போன் அடித்தது. எடுத்தால் புது டாக்டர், பத்தடி தள்ளி உள் அறையிலிருந்து. "நாளைக்கு எட்டரைக்கு உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வர்றீங்க. சில கேள்வி கேக்கணும்" என்று ஆரம்பித்தார். இது என்ன நாடகம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் தாளில் இருக்கிற வரிசையிலேயே கேட்டார், ஒன்றுகூட விடவில்லை. எந்தச் சத்தம் ஆகாது? கை காய வைக்கும் மெஷின். எங்கே தொட்டால் பிடிக்காது? தலை, காது. கையில் என்ன இருந்தால்? நீல மூடி.

கடைசிக் கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும், இருபது பேரிடமாவது கேட்டிருப்பேன். அது வருவதற்குள் தயாராகிவிடலாம் என்று நினைத்தேன்.

"நேத்து நீங்க தூங்கினீங்களா அக்கா?"

கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து, மேஜைக்கு அடியில் சிட்டு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். போனின் அந்தப் பக்கத்தில் அவர் ஹலோ ஹலோ என்று சொல்லவில்லை. காத்திருந்தார்.

ஏப்ரல் 3, புதன்

மெஷினின் பிளக்கை நானே பிடுங்கி வைத்தேன். டிவி, பாதி விளக்கு, எல்லாம் நானே அணைத்தேன். சிட்டு அறைக்குள் வரவில்லை, வாசற்படியில் மூடிகளைப் பரப்பிவிட்டாள். அதனால் டாக்டர் வாசற்படிக்கு வந்தார். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நால்வரும் தரையில். சொல்ல வேண்டியதைப் பெயர் சொல்லியே சொன்னார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது மழுப்புகிறாரா என்று. மழுப்பவில்லை. அடுத்த மாதத் தேதியை இப்போதே எழுதுங்கள் என்றார். எழுதிக்கொண்டேன். அந்தத் தேதியில் அவர் மறக்காமல் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் போகிறேன்.

நிமிர்ந்தபோது ஒன்பது இருபது. கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. என் மேஜை காலியாகக் கிடந்தது. ஒன்பது மணிக்காரர்கள் அத்தனை பேரும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முறைக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு நீல மூடியை எடுத்து வரிசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.