மம்பட்டிக் கணை

பம்பாய்
20.10.1983

ஆவுடைத்தாய்க்கு வேல்சாமி எழுதுதேன். அம்மாவுக்கு என் கும்பிடு. இங்கன எனக்கு நல்ல சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? அங்கன மழை விழுந்துச்சா?

நாங்க வேலை பாக்குத ஹோட்டல் நீச்சல் குளத்துல ஒரு கூத்து. சுத்தியலோட மரப்பிடி, அந்தக் கணை ஆடுச்சேன்னு, நம்ம ஊர்ல செய்யுத மாதிரி ராத்திரி தண்ணிக்குள்ள ஊறப் போட்டேன். இங்க கிருமி சாக மருந்து கலக்காங்க. அது இரும்பைத் தின்னுடும்னு எனக்குத் தெரியாது. கணை இறுகிட்டு. ஆனா இரும்பு துருவேறி, வெள்ளைத் தரையெல்லாம் வெத்தலை எச்சி துப்பின மாதிரி ஆயிட்டு. மேஸ்திரி ஏசினாரு, தேய்ச்சுக் கழுவிட்டேன். வேலைக்கு ஒண்ணும் பழுதில்ல, பயப்படாதே.

அன்னைக்குத்தான் உன் கடிதம் வந்துச்சு. என் மம்பட்டிக் கணை ஆடுச்சாம். உன் அத்தை மகன் சுந்தரபாண்டி ஆப்பு வச்சு இறுக்கிக் கொடுத்தானாம். அவனை யாரு கூப்பிட்டா? நம்ம கிணத்துத் தண்ணி என்ன மருந்துத் தண்ணியா, ஊறப் போட்டா ஆகாதா? என் சுகத்தை ஒரு வரியில கேட்டுட்டு, அவன் கருவேலங்குச்சி சீவின நேர்த்தியை ஒரு பக்கம் எழுதியிருக்கே. அவனுக்குக் கருப்பட்டிக் காப்பி வேற.

என்கூட வேலை பாக்குத சோலைச்சாமி பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பையில கொஞ்சம் கருப்பட்டியும் உன் போட்டோவும் கொடுத்து விடு. கோவில்பட்டி ஸ்டுடியோவுக்கு அம்மாவோட போ. வேற துணை வேண்டாம்.

அந்த ஆப்பைப் பிடுங்கி அடுப்புல போடு. கணை ஆடுனா ஆடட்டும், நான் வந்து பாத்துக்கிடுதேன்.

மேஸ்திரி கூப்பிடுதாரு, நிறுத்துதேன்.

உன் வேல்சாமி

அவனுக்குக் காப்பியை நீ எந்த டம்ளர்ல கொடுத்தேன்னு மறக்காம எழுது.