உன் அப்பா இழைத்த கதவு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அதாவது சண்டை போடும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் குழந்தையும் சுகம்தானே, மாப்பிள்ளையைக் கேட்கத் தேவையில்லை, நீ அனுப்பிய படத்தில் அவர் தொப்பை சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

போனில் நீ வீட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றினார் அல்லவா, அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். நம் வட்டாரத்தில் வெள்ளம், தீ, புயல், மண்சரிவு, இதில் எந்த வீட்டுக்கு எது வரும் என்று மதிப்பிட ஒரு குழு போட்டார்கள். சாலைத்துறையிலிருந்து ஓய்வு பெற்று என் உயிரை வாங்கிக்கொண்டிருந்த உன் அப்பாவை அதற்குத் தலைவராக்கினார்கள், அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை ஒட்ட வேண்டும், சிவப்பு என்றால் மழைக்கு முன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தன் வீட்டுக்குத் தானே மார்க் போட்டால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான் என்பதால், குழுவில் இருப்பவர் வீட்டை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும் என்று விதி. அந்த விதியைப் போட்டதும் உன் அப்பாதான்.

அதன்பிறகு மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில், யாருக்கு ஊதப் போகிறாரோ தெரியாது. குழுவில் இருக்கும் தலைமை ஆசிரியையின் ஆற்றங்கரை வீட்டுக்குப் போய், அந்த அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடித்து, சிவப்பை ஒட்டிவிட்டு வந்தார். கேட்டால் கடமையாம்.

நம் வீட்டைப் பார்க்க அந்த அம்மாவே வந்தார். பழிவாங்கத்தான் வருகிறார் என்று அப்பா காலையிலிருந்து முணுமுணுத்து, இருக்கிற பிஸ்கட்டில் உடையாததாகப் பார்த்து வைக்கச் சொன்னார். அந்த அம்மா பிஸ்கட்டைத் தொடவில்லை, நேராகப் போய் அடுக்களைப் பின்கதவைச் சாத்திப் பார்த்தார், பாதியில் நின்றது. மழைக்கு மரம் ஊதும், வருஷா வருஷம் இழைத்துவிடுவேன் என்று அப்பா பெருமையாகச் சொன்னார். இழைப்புளியை எடுத்தால் அவருக்குச் சின்னப்பிள்ளை சந்தோஷம் என்பது உனக்குத் தெரியாதா, மரச்சுருளைப் பெருக்குவது நான்தானே. அந்த அம்மா சுவரையும் பின்மேட்டில் சாய்ந்து நின்ற மரங்களையும் பார்த்துவிட்டு, "மழை நின்னு மாசக்கணக்காச்சே சார், இன்னுமா ஊதியிருக்கு?" என்று கேட்டார்.

ஊதவில்லையடி. மேட்டு மண் சரிந்து வீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது, கதவு நிலையே கோணிவிட்டது. ஊர் விரிசலையெல்லாம் குனிந்து பார்த்தவர், கோணலுக்குத் தோதாகச் சொந்தக் கதவை இழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. போன தடவை நீ குழந்தையை அந்தச் சுவரோரம்தான் படுக்கவைத்தாய் என்று நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் வீடாயிற்றே, மஞ்சள் போதுமா என்று அந்த அம்மா குத்தலாகத்தான் கேட்டார். அப்பா அந்த அம்மாவின் பையிலிருந்து சிவப்பை உருவித் தானே ஒட்டினார், அதுவும் கோணலாக. பிறகு என்னிடம், "கதவைத்தானே பாத்தேன், சுவரை ஒரு தடவைகூட பாக்கலையே" என்று சொல்லி அழுதுவிட்டார். அவர் அழுதால் எனக்குத் திட்டவே வராது.

இப்போது ரொட்டிக்கடைக்குப் பின்னால் மாடியில் நாங்கள், கீழே தலைமை ஆசிரியை, இரண்டு சிவப்பும் ஒரே கூரையின் கீழ். தண்ணீர்க் குழாய்க்காக அவரும் அப்பாவும் தினம் மோதிக்கொள்கிறார்கள், எனக்குப் பொழுது போகிறது. நீயும் உன் வீட்டுக் கதவுகளை ஒருமுறை சாத்திப் பார், மாப்பிள்ளை மரம் ஊதியிருக்கிறது என்றால் நம்பாதே.

மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, உன் கைப்பையில் இருக்கும் பழைய வீட்டுச் சாவியை எறிந்துவிடு, ஏதோ ஞாபகத்தில் நேரே அங்கே போய்விடாதே. என்னுடையதை எறிய எனக்குத்தான் மனசு வரவில்லை, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா