முனை ஒடித்த வெண்டைக்காய்

16.11.1994, புதன்

காலை முழுக்க ஒரே ஒரு நட்சத்திரத்தின் நிறமாலையோடு மல்லாடினேன். பேரியம் என்ற தனிமத்தின் கோடுகள் அவ்வளவு அழுத்தமாக விழுந்திருக்கின்றன. அத்தனை பேரியத்தை அது தானாகச் சமைத்திருக்க முடியாது. அதற்கு இன்னும் அந்த வயது வரவில்லை. கூடவே சுற்றும் ஜோடி நட்சத்திரம்தான் முதுமையில் ஊதிப் பெருத்து, உள்ளே சமைத்த பேரியத்தை இதன் மேல் கொட்டிவிட்டுச் சுருங்கிப்போயிருக்கிறது. இப்போது அது தொலைநோக்கியில்கூடத் தெரியவில்லை. அப்படித்தான் அறிக்கையில் எழுதினேன்.

சாயங்காலம் மயிலாப்பூரில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரம்மா சிரித்தாள்.

"இன்னாம்மா, ஐயா மாதிரியே நீயும் ஒண்ணொண்ணா முனைய ஒடிச்சிக்கினு கீறே?"

அப்புறம்தான் என் கையைப் பார்த்தேன். என் கணவர் இப்படி ஒடிக்கும்போதெல்லாம் மானம் போகிறது என்று நாலு கடை தள்ளிப் போய் நின்றவள் நான். அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது.

"பழக்கமாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

வெண்டைக்காய் அவருக்குத்தான் பிடிக்கும். என்னால் வாயில் வைக்க முடியாது. அரைக் கிலோ வாங்கி வந்திருக்கிறேன்.