சுங்கத்தில் சிக்கிய புகையிலை

டண்டினொங், ஆஸ்திரேலியா
18-8-1976

அன்புத் தம்பி வரதனுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் வீட்டாரும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும்.

நான்கு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உன் கல்யாணத்தைப் பற்றி அன்று எழுதியதற்கு மன்னிப்பை எதிர்பார்க்காதே. என்னைக் கேட்காமல் நீ செய்தது பிழை. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

உன் கடிதம் சென்ற மாதமே வந்துவிட்டது. உன் மாமனார் அனுப்பிய பொட்டலம்தான் சுங்கத்தில் சிக்கிக்கொண்டது. உன் மாமனாரின் இனமான சோட்டோ பூர்வகுடி மக்கள் ஒரு பெரியவரிடம் முக்கியமான எதையும் புகையிலை கொடுத்துத்தான் கேட்பார்கள், அதை வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று எழுதியிருந்தாய். உன் மகளுக்குத் தங்கள் மொழியில் மாமனார் ஒரு பெயர் வைக்கிறார்; தமிழில் ஒரு பெயர் நான் வைக்க வேண்டுமாம். யாழ்ப்பாணத்தானுக்கே புகையிலை அனுப்புகிறாரா என்று உன் அண்ணி யோகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. நல்ல ஆங்கிலம் தெரிந்தும், அரசாங்க அதிகாரி வந்த கூட்டத்தில் தன் மொழியிலேயே ஒரு மணி நேரம் பேசினாராமே! அதிகாரி மொழிபெயர்ப்புக்குக் காத்துக் கிடந்தானாமே! இங்கே எங்கள் தமிழர் சங்கத்தில் நான் தமிழில் பேச எழுந்தால் நாலாவது நிமிடம் கேதீஸ்வரன் மணி அடிக்கிறான். கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொன்னதற்காகத்தான் என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். அன்று உயர்ந்த பதினொரு கைகளையும் எனக்கு நினைவிருக்கிறது. இதையெல்லாம் யோகா எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதி வந்திருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் உன் மாமனார், பெயர் வைக்க இவரே ஏற்ற ஆள் என்றாராம். என்னோடு பழகியிருந்தால் கேட்டிருக்க மாட்டார் என்கிறாள் இவள்.

போன செவ்வாய் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். அனுப்பியவர் உமக்கு என்ன உறவு என்று படிவத்தில் ஒரு கேள்வி. தெரிந்தவர் என்று எழுதினேன். அதிகாரி என்னையும் சிவப்புத் துணியில் கட்டிய அந்தச் சின்ன முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தான். தெரிந்தவர் ஏன் ஒரு பிடி இலையை உலகத்தின் அடுத்த கரைக்கு அனுப்புகிறார் என்று கேட்டான். உறவில்லாவிட்டால் எரித்துவிடுவோம் என்றான். எழுதியதை வெட்டிவிட்டு, என் தம்பி மனைவியின் தகப்பனார் என்று எழுதினேன். அவன் சத்தமாக வாசித்துச் சரிதானா என்றான். ஓம், சரிதான் என்றேன். இதுவரை யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை, தம்பி.

புகையிலையை வாங்கிக்கொண்டேன். ஆகவே பெயர்: வாணி. பேச்சுக்கு உரியவள் என்று பெரியவருக்குச் சொல். என் மகள் சந்திரகலா பள்ளிக்கூடத்தில் சான்டி ஆகிவிட்டாள்; இதை எந்த வெள்ளைக்காரனாலும் நறுக்க முடியாது. நான் உச்சரிப்பதை ஒலிநாடாவில் பதிந்து தனியே அனுப்புகிறேன். குழந்தையை முதலில் அதன் தாய் அந்தப் பெயரால் கூப்பிடட்டும்.

இன்னொன்று. நீ அன்று அனுப்பிய கல்யாணப் படத்தை உறை பிரித்த கையோடு திருப்பி அனுப்பியவன் நான். அது இன்னும் உன்னிடம் இருந்தால் மறுபடி அனுப்பு. முன்னறைச் சுவரில் யோகா ஆணி அடித்துவிட்டாள்.

மார்கரெட்டுக்கும் வாணிக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்,
ராஜரத்தினம்